டைனோசர் கொடுத்த வாடகை

டீயைச் சொல்லிவிட்டு உட்காருங்கள். ஒரு டீயில் முடிகிற கதை இல்லை இது, இரண்டாவதும் தேவைப்படலாம்.

‘டாய் ஸ்டோரி’ படத்தில் ரெக்ஸ் என்று ஒரு பச்சை டைனோசர் வருமே, ஞாபகம் இருக்கிறதா? வாயைத் திறந்தால் கூரான பற்கள். ஆனால் தன்னைப் பார்த்து யாரும் பயப்படவில்லையே என்ற கவலையிலேயே பொழுதைக் கழிக்கும் பிளாஸ்டிக் பொம்மை. கீச்சுக் குரலில் நடுங்கி நடுங்கிப் பேசும். 1995ல் வந்த முதல் படத்திலிருந்து அந்தக் குரலைக் கொடுத்துவருபவர் பெயர் வாலஸ் ஷான்.

இதே ஷான் எழுதிய ஒரு நாடகத்தில், உடம்பு முடியாத ஓர் இளம்பெண் மேடையில் உட்கார்ந்து, காய்கனிச் சாற்றைக் குடித்துக்கொண்டே, நாஜிகள் செய்ததைப் பற்றி நாம் இவ்வளவு அதிர்ச்சி காட்டுவது பாசாங்குதானே என்று மென்மையாக விளக்குவாள். குரல் உயராது. அவளை மறுத்துப் பேச மேடையில் யாரும் வரமாட்டார்கள். விளக்கு அணைந்துவிடும். பார்த்தவர்கள் தொண்டையில் எதுவோ சிக்கினாற்போல எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

இரண்டும் ஒரே ஆள்தான் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், நடிப்பு வயிற்றுக்கு, எழுத்து மனசுக்கு என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். அது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசிதான் சுவாரசியமானது. அதற்குப் போகுமுன் ஆள் யாரென்று சொல்லிவிடுகிறேன்.

1943ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா வில்லியம் ஷான், ‘நியூயார்க்கர்’ பத்திரிகையின் ஆசிரியர். 1952 முதல் 1987 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். அதற்கு முன்பே, நிர்வாக ஆசிரியராக இருந்தபோது, ஹிரோஷிமா குண்டுவீச்சைப் பற்றி ஜான் ஹெர்சி எழுதிய நீண்ட கட்டுரையைத் துண்டுதுண்டாக வெளியிடாமல் 1946 ஆகஸ்டில் ஓர் இதழ் முழுவதையும் அதற்கே கொடுக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்று சாதித்தவர். ரேச்சல் கார்சன் பூச்சிமருந்துகளைப் பற்றி எழுதியதும், ஹன்னா அரெண்ட் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணையைப் பற்றி எழுதியதும் அவர் காலத்தில்தான் அங்கே வந்தன. ஆக, எழுத்தும் வசதியும் நல்ல மேஜை நாகரிகமும் ஒன்றாகப் புழங்கிய வீடு. இந்த வசதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிற்பாடு எழுதிய அத்தனை நாடகங்களிலும் அதுதான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

ஹார்வர்டில் வரலாறு படித்தார். 1965ல் ஃபுல்பிரைட் திட்டத்தில் இந்தியாவுக்கு வந்து இந்தூரில் ஆங்கிலம் கற்பித்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் மாக்டலன் கல்லூரி. தத்துவம், அரசியல், பொருளாதாரம். அரசுப் பணிக்கோ தூதரகத்துக்கோ போய் உலகத்துக்கு நல்லது செய்யவேண்டும் என்பதுதான் எண்ணம். ஆக்ஸ்ஃபோர்டில் நாடகம் எழுதப்போனவர் அதிலேயே மாட்டிக்கொண்டார். நியூயார்க் திரும்பி ஒரு பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்தார். ஆயத்த ஆடைத் தொழிலகங்கள் நிறைந்த பேட்டையில் சரக்கு அனுப்பும் குமாஸ்தாவாக இருந்தார். ஜெராக்ஸ் மெஷின் ஓட்டினார். பெரிய பத்திராதிபரின் மகன் முப்பது வயதில் நகல் எடுத்துக்கொண்டிருந்தார் என்றால், வீட்டில் எவ்வளவு நாசூக்கான மௌனம் நிலவியிருக்கும் என்று கற்பனை செய்துபார்க்கலாம்.

நாடகங்கள் அரங்கேறாமல் இல்லை. 1975ல் ‘அவர் லேட் நைட்’ என்ற நாடகத்தை ஆந்த்ரே கிரகரி இயக்கினார். ஒரு விருந்துக்கு வந்தவர்கள் கூச்சமே இல்லாமல் தங்கள் உடல் இச்சைகளையும் அருவருப்புகளையும் பேசித் தீர்க்கும் நாடகம். பிராட்வேக்கு வெளியே நடக்கும் நாடகங்களுக்கான ஓபி விருது கிடைத்தது. 1977ல் ‘எ தாட் இன் த்ரீ பார்ட்ஸ்’ லண்டனில் மேடையேறியபோது இன்னும் விசேஷம்: ஆபாச வழக்குகளைப் பார்க்கும் போலீஸ் பிரிவு வந்து பார்த்துவிட்டுப் போனது, நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. பேர் வந்தது, பணம் வரவில்லை.

ஏன் வராது? சிறிய அரங்க நாடகத்தில் ஆசிரியருக்குக் கிடைப்பது டிக்கெட் வசூலில் ஒரு சிறு சதவீதம். நூறு இருக்கை, சில வாரம் ஓட்டம், பாதி இருக்கை காலி. எழுத மூன்று வருடம் பிடித்த நாடகம் மூன்று மாத வாடகையைக்கூடக் கொடுக்காது. சினிமா நடிகரின் கணக்கே வேறு. அமெரிக்க நடிகர் சங்கம் 1960ல் வேலைநிறுத்தம் செய்து ஓர் உரிமையை வாங்கியது: படம் டிவிக்கு விற்கப்பட்டால் அந்த வரவில் ஒரு பங்கு அதில் நடித்தவருக்குப் போய்ச் சேரவேண்டும். ‘ரெசிஜுவல்’ என்பார்கள். சின்ன வேஷம் கட்டியவருக்கும் உண்டு. அந்த வேலைநிறுத்தத்தின்போது சங்கத் தலைவராக இருந்தவர் ரொனால்ட் ரீகன் என்பது வரலாற்றின் குறும்பு. பிற்பாடு ஜனாதிபதியாகி, வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பிய அதே ரீகன்தான்.

நடிப்பு ஷானைத் தேடி வந்த விதம் தற்செயலானது. நியூயார்க் பப்ளிக் தியேட்டருக்காக மாக்கியவெல்லியின் பழைய இத்தாலிய நகைச்சுவை நாடகம் ‘மாண்ட்ரகோலா’வை ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுத்தார். 1977ல் அதை இயக்கிய வில்ஃபோர்ட் லீச், ஒரு வேஷத்தை நீங்களே போடுங்களேன் என்றார். போட்டார். பார்வையாளர்களில் ஜூலியட் டெய்லர் இருந்தார். வூடி ஆலன் படங்களுக்கு நடிகர் தேடிக் கொடுப்பவர். அடுத்து 1979ல் ‘மன்ஹாட்டன்’. டயான் கீட்டனின் பாத்திரம் தன் முன்னாள் கணவனைப் பற்றிப் படம் நெடுக ஏதோ மன்மதன் என்பதுபோல் பேசிக்கொண்டே வரும். கடைசியில் ஒரு கடையில் அந்தக் கணவன் எதிர்ப்படுவான். பார்த்தால் வாலஸ் ஷான்: ஐந்தடிக்குச் சற்றே மேல், முன்மண்டை வழுக்கை, மழலை கலந்த உச்சரிப்பு. வந்து போவது கொஞ்ச நேரம்தான். தியேட்டர் குலுங்கியது.

குணச்சித்திர நடிகர் என்று நாம் சொல்வது இதைத்தான். நாயகனுக்குக் கதை முழுக்க நேரம் இருக்கிறது; அவன் மெதுவாக நம் மனதில் ஏறலாம். இவருக்கு இரண்டு நிமிடம். கதவைத் திறந்து உள்ளே வரும்போதே, இந்த ஆள் எங்கிருந்து வருகிறான், எதற்குப் பயப்படுகிறான், காலையில் யாரிடம் திட்டு வாங்கினான் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடவேண்டும். ஷானுக்கு முகமும் குரலும் பாதி வேலையைச் செய்துவிடும் என்பது உண்மை. மீதிப் பாதி அவருடைய தீவிரம். அவர் நகைச்சுவை செய்வதே இல்லை. அந்தப் பாத்திரம் சொல்வதை மனதார நம்பிச் சொல்கிறார். சிரிப்பு நம் பக்கம்தான் வருகிறது, அவர் பக்கம் இல்லை.

அதே 1979ல் ‘ஆல் தட் ஜாஸ்’ படத்தில் இன்ஷூரன்ஸ் கணக்குப் பார்ப்பவராக வந்தார். நாயகன் செத்தால் லாபமா, பிழைத்தால் லாபமா என்று கூட்டிக் கழிக்கும் கூட்டத்தில் ஒருவர். கால் நூற்றாண்டு கழித்து, 2004ல், ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ படத்தில் மறுபடி இன்ஷூரன்ஸ்: வாடிக்கையாளருக்குப் பணம் கிடைக்க வழிசொல்லிக் கொடுத்துவிட்டாயே என்று சூப்பர்ஹீரோவைக் கூப்பிட்டுக் கிழிக்கும் குட்டி மேலாளரின் குரல்.

இப்போது 1981க்கு வாருங்கள். ‘மை டின்னர் வித் ஆந்த்ரே’. இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். படம் அவ்வளவுதான். இரண்டாவது டீயை இங்கே சொல்லிவிடலாம், ஏனென்றால் இங்கே சற்றுத் தங்கவேண்டியிருக்கிறது.

ஆந்த்ரே கிரகரி எழுபதுகளில் நாடகத்தை விட்டு விலகி ஊர் சுற்றப் போனவர். போலந்துக் காட்டில் அந்நாட்டு நாடக இயக்குநர் குரோட்டோவ்ஸ்கியோடு பட்டறை, ஸ்காட்லாந்தில் செடிகொடிகளோடு பேசும் ஒரு சமூகம், ஒரு நள்ளிரவில் உயிரோடு புதைத்து எடுக்கும் சடங்கு என்று ஏகப்பட்ட அனுபவம். திரும்பி வந்ததும் ஷான் ஒரு யோசனை சொன்னார்: நாம் பேசுவோம், டேப்பில் பதிவு செய்வோம். மாதக்கணக்கில் பேசினார்கள். தட்டச்சு செய்தபோது மலைபோல் குவிந்தது. அதிலிருந்து ஷான் செதுக்கியதுதான் திரைக்கதை. பார்ப்பவர்களில் பாதிப் பேர், இரண்டு நண்பர்களின் பேச்சை அப்படியே கேமரா பிடித்திருக்கிறது என்று இன்றும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு ‘ம்’மும் எழுதப்பட்டு, மனப்பாடம் செய்யப்பட்டு, பலமுறை ஒத்திகை பார்க்கப்பட்டது.

இயக்கியவர் பிரெஞ்சுக்காரர் லூயி மால். கதை நடப்பது நியூயார்க் ஓட்டலில். எடுத்தது வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில், மூடிக்கிடந்த ஜெஃபர்சன் ஓட்டல் கூடத்தில். குளிர்காலம், கட்டடத்தில் வெப்ப வசதி இல்லை. மேஜைக்கு மேலே கோட்டும் நாகரிகமும், மேஜைக்குக் கீழே போர்த்திக்கொண்ட கால்கள். ஷான் படத்தில் மின்சாரக் கம்பளியின் சுகத்தைப் பற்றி வாதாடுவதை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் தனி ருசி.

வாதம் இதுதான். ஆந்த்ரே சொல்கிறார்: நாம் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கிறோம், இந்த நகரமே நாம் கட்டிக்கொண்ட சிறை, மின்சாரக் கம்பளிகூட நமக்கும் குளிருக்கும் நடுவில் சுவர். வாலி (படத்தில் ஷானின் பெயர்) நெடுநேரம் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கடைசியில் வெடிக்கிறார்: எனக்கு அந்தக் கம்பளி பிடித்திருக்கிறது, ராத்திரி வைத்த காபி காலையில் கரப்பான்பூச்சி விழாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம், இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? இந்த இடத்தில் எல்லோரும் வாலி பக்கம் சாய்வோம். ஆனால் படம் பார்த்து ஒரு வாரம் ஆனபின் ஆந்த்ரேயின் குரல்தான் காதில் நிற்கும். இரண்டு பேருக்கும் தோற்காத வாதத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார் ஷான். படத்தின் வாலி, சாதாரண மனிதனின் எளிய ஆசைகளைப் பேசும் அப்பாவி என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சின்னச் சுகத்தின் மேல்தான் எழுத்தாளர் ஷானின் சந்தேகம் முழுதும். வாலியை அவர் மன்னிக்கவே இல்லை என்பது அடுத்த பத்து வருட நாடகங்களைப் படித்தால் தெரியும்.

படம் ஆரம்பத்தில் தடுமாறியது. சிகாகோ விமர்சகர்கள் சிஸ்கலும் ஈபர்ட்டும் டிவியில் கொண்டாடினார்கள், கூட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஷானுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

1987ல் ராப் ரைனர் இயக்கிய ‘தி பிரின்சஸ் பிரைட்’. அதில் விசினி என்ற ஆள்கடத்தல்காரன் ஷான். உலகத்திலேயே தான்தான் மேதை என்று நம்புகிறவன். அந்தப் படத்தின் வேடிக்கை, இந்த வேஷத்துக்கு முதலில் டேனி டிவிட்டோவை நினைத்தார்கள் என்று ஏஜென்ட் சொல்லப்போக, படப்பிடிப்பு முழுக்க ‘இன்று என்னை அனுப்பிவிடுவார்கள்’ என்று ஷான் பயந்துகொண்டிருந்தார் என்பது. இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ரெக்ஸுக்கு அவர் குரல் அவ்வளவு பொருந்தியதில் ஆச்சரியமில்லை.

விசினியின் முக்கியக் காட்சி தெரியுமல்லவா? இரண்டு கோப்பை ஒயின். ஒன்றில் மணமற்ற விஷம். எதில் என்று கண்டுபிடி, இருவரும் குடிப்போம் என்கிறான் நாயகன். விசினி யோசிக்கத் தொடங்குகிறான், உரக்க. ‘நீ புத்திசாலியாக இருந்தால் உன் முன்னால் வைத்திருக்கமாட்டாய், ஆனால் நான் அப்படி நினைப்பேன் என்று உனக்குத் தெரியும்’ என்ற பாணியில் தர்க்கம் வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருக்கிறது. ஏமாற்றிக் கோப்பையையும் மாற்றிவிட்டு, குடித்துவிட்டு, வெற்றிச் சிரிப்பு சிரிக்கும்போதே சரிந்து விழுகிறான். இரண்டு கோப்பையிலும் விஷம். நாயகன் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகியவன்.

நான் சொன்ன அந்தக் கால்வாசி இங்கேதான் இருக்கிறது. வசனம் வில்லியம் கோல்ட்மன் எழுதியது, ஷான் வெறும் நடிகர். ஆனாலும் அந்தக் காட்சி ஷானின் நாடகங்களுக்கு ஒரு சிறு முன்னோட்டம் போலவே இருக்கிறது. அவருடைய மேடையில் யாரும் கத்தியை எடுப்பதில்லை. பேசுகிறார்கள். நயமாக, தர்க்கமாக, நகைச்சுவையோடு. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்குவது நமக்கு உறைப்பதே இல்லை. திடீரென்று பார்த்தால் பாதாளத்தில் நிற்கிறோம், கையில் கோப்பையோடு.

‘ஆன்ட் டான் அண்ட் லெமன்’ (1985) அப்படித்தான். ஆரம்பத்தில் சொன்ன நோயாளிப் பெண் அதில் வருபவள்தான், பெயர் லெமன். அவள் சின்ன வயதில் ராத்திரி கதை சொல்ல வந்தவள் டான் அத்தை. சொந்த அத்தை இல்லை. பெற்றோரின் தோழி, ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்துபவள், உற்சாகமானவள், எல்லோரையும் கவரக்கூடியவள். அவளுக்கு, அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஹென்றி கிஸ்ஸிங்கர் மேல் ஒரு பக்தி. நாம் காலையில் நிம்மதியாகக் காபி குடிப்பதற்காக யாரோ ஒருவர் தூர தேசத்தில் குண்டு போடும் முடிவை எடுக்கவேண்டியிருக்கிறது, அந்தப் பாவத்தை அவர் சுமக்கிறார், நாம் அவரை ஏசுகிறோம், இது நியாயமா என்று பதினோரு வயதுக் குழந்தையிடம் கேட்கிறாள். குழந்தை கேட்டு வளர்ந்தது. வளர்ந்து இன்னும் இரண்டு படி இறங்கி, நாஜிகளிடம் வந்து நின்றது. எந்தப் படியில் நாம் அவளை நிறுத்தியிருக்கவேண்டும்? நாடகம் பதில் சொல்லாது. லண்டனில் ராயல் கோர்ட் அரங்கிலும் பிறகு நியூயார்க்கிலும் மேடையேறியபோது ஷானும் நடித்தார். ஆசிரியர் எந்தப் பக்கம் என்று புரியாமல் கோபப்பட்டவர்கள் நிறையப் பேர். புரியவைத்திருந்தால் பார்வையாளர் தப்பித்திருப்பார் என்பது என் எண்ணம்.

1990ல் ‘தி ஃபீவர்’. ஒரே ஆள் பேசும் நாடகம். ஏழை நாடொன்றின் ஓட்டல் அறையில், நடுராத்திரி, குளியலறைத் தரையில் வாந்தியெடுத்துக் கிடக்கும் வசதியான மனிதர் ஒருவர். தான் நல்லவன், கலாரசிகன், ஏழைகளிடம் இரக்கம் உள்ளவன் என்ற எண்ணம் ஒவ்வொன்றாக உரிகிறது. மார்க்ஸின் ‘மூலதனம்’ கையில் கிடைத்ததைச் சொல்கிறார். ஒரு பொருளின் விலைக்குள் முகம் தெரியாத எத்தனையோ பேரின் உழைப்பு ஒளிந்திருக்கிறது என்று விளங்கியபின் காபிக் கோப்பைகூட முன்போல இல்லை. இந்த நாடகத்தை ஷான் முதலில் தியேட்டரில் போடவில்லை. தெரிந்தவர்களின் வீட்டுக் கூடங்களில், பத்துப் பன்னிரண்டு பேருக்கு முன்னால், நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து பேசினார். யாரைப் பற்றிய நாடகமோ அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் சோபாவுக்கு எதிரிலேயே.

இப்போது அதற்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். 1993ல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் ஃபெரெங்கி என்றொரு இனம். லாபம்தான் அவர்களுக்கு மதம். லாபம் ஈட்டும் விதிகளே வேதம். அந்த இனத்தின் தலைவர், கிராண்ட் நேகஸ் ஜெக், காதுவரை ரப்பர் முகமூடி போட்ட கிழவர். நடித்தவர் வாலஸ் ஷான். மூலதனத்தைப் பற்றி ஜுரம் வந்து புலம்பிய ஆசிரியர், மூன்று வருடத்தில் மூலதனத்தின் போப்பாண்டவராக டிவியில் கெக்கலித்துக்கொண்டிருந்தார். அதற்குச் சம்பளமும் வாங்கினார். அந்தச் சம்பளம் அடுத்த நாடகத்தை எழுத அவகாசம் கொடுத்தது. இதை முரண்பாடு என்று யாராவது சுட்டிக்காட்டினால் அவர் முதலில் ஒப்புக்கொள்வார். ‘தி ஃபீவர்’ பேசுவதே அந்த முரண்பாட்டைப் பற்றித்தானே.

மற்ற வேஷங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘க்ளூலெஸ்’ (1995) படத்தில் மாணவிகள் ஜோடி சேர்த்துவைக்கும் ஆசிரியர் மிஸ்டர் ஹால். 2008 முதல் ‘காசிப் கேர்ள்’ தொடரில் கண்டவரையெல்லாம் கட்டிப்பிடிக்கும் சைரஸ் ரோஸ். 2018 முதல் ‘யங் ஷெல்டன்’ தொடரில் இயற்பியல் பேராசிரியர் ஸ்டர்ஜிஸ். இதில் அவரிடம் ஒரு கனிவு இறங்கியிருக்கிறது, முன்பு அதிகம் பார்க்காதது. குழந்தை, கல்லூரிப் பெண், விண்வெளிக் கதை ரசிகர், தாத்தா பாட்டி என்று நாலு தலைமுறைக்கும் அந்த முகம் தெரியும். தெருவில் போனால், படத்தில் விசினி அடிக்கடி சொல்லும் ‘இன்கன்சீவபிள்!’ (நினைத்தே பார்க்கமுடியாது) என்ற ஒற்றை வார்த்தையை அவரிடமே கத்திவிட்டுப் போகிறார்கள்.

அதே மனிதர் 2000ல் நியூயார்க் வால் ஸ்ட்ரீட் பக்கம், கைவிடப்பட்ட பழைய ஆண்கள் கிளப் கட்டடத்தில், ஒரு காட்சிக்கு முப்பது பேருக்கு மட்டும் ‘தி டெசிக்னேட்டட் மோர்னர்’ நாடகத்தை நடித்தார். முதலில் 1996ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் டேவிட் ஹேர் இயக்கத்தில் மைக் நிக்கல்ஸ் நடித்த வேஷம் அது. கதை, பெயரில்லாத ஒரு நாட்டில் படித்த, நாசூக்கான, கவிதை வாசிக்கத் தெரிந்த ஒரு வர்க்கம் அரசால் அழிக்கப்படுவது. சொல்பவன் ஜாக், அந்த வர்க்கத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவன், சமயம் பார்த்து நழுவித் தப்பித்தவன். கடினமான கவிதைகளைப் படிக்கக்கூடிய கடைசி ஆளும் போய்விட்டான், நான்தான் துக்கம் காக்க நியமிக்கப்பட்டவன் என்கிறான். மனைவியாக நடித்தவர் டெபோரா ஐசன்பர்க்; சிறுகதை எழுத்தாளர், ஷானின் வாழ்க்கைத் துணை. இயக்கம் ஆந்த்ரே கிரகரி. என் கணக்கில் ஷானின் உச்சம் இதுதான். அப்பாவின் பத்திரிகை உலகத்துக்கு மகன் செலுத்திய அஞ்சலி என்றும் படிக்கலாம், குற்றப்பத்திரிகை என்றும் படிக்கலாம்.

கிரகரியோடு அவர் வேலை செய்த வேகம் தனி. 1989ல் செகாவின் ‘மாமா வான்யா’வை ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்கள், டேவிட் மாமெட் தழுவலை வைத்து. அரங்கேற்றம் எப்போது? தேதியே வைக்கவில்லை. வருடக்கணக்கில் கூடிக் கூடி நடித்தார்கள், அழைத்தவர்கள் சிலர் வந்து பார்த்தார்கள். 1994ல் லூயி மால் அதைப் படமாக்கினார், ‘வான்யா ஆன் 42ண்ட் ஸ்ட்ரீட்’. அதுவே மாலின் கடைசிப் படம். வான்யா ஷான், கூட ஜூலியான் மூர். படமெடுத்த நியூ ஆம்ஸ்டர்டாம் தியேட்டர் அப்போது பாழடைந்து கிடந்தது. எலி கயிறுகளைக் கடித்துவிட்டதால் மேடையைப் பயன்படுத்த முடியவில்லை. கூரைக் காரை தலையில் விழாமல் வலை கட்டியிருந்தார்கள். பிற்பாடு அந்தத் தியேட்டரை டிஸ்னி கம்பெனி புதுப்பித்து, 1997ல் ‘லயன் கிங்’ நாடகத்தைப் போட்டது. இப்சனின் ‘மாஸ்டர் பில்டர்’ இன்னும் மெதுவாக வெந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஒத்திகை, பிறகு ஜோனதன் டெமி படமாக்கினார். மொழிபெயர்ப்பும் நாயக வேஷமும் ஷான்தான். சம்பளம் பற்றி யோசிக்கும் நிலையில் இருப்பவர்கள் இப்படி வேலை செய்யமுடியாது.

எல்லாமே வெற்றி என்று சொல்லமாட்டேன். 2009ல் ராயல் கோர்ட்டில் வந்த ‘கிராஸஸ் ஆஃப் எ தவுசண்ட் கலர்ஸ்’, உணவுச் சங்கிலியையே மாற்றியமைத்த விஞ்ஞானி ஒருவரும் அவர் பூனையோடு கொண்ட காதலுமாக மூன்று மணி நேரம் போகிறது. அதில் ஷானின் பேச்சு அவரையே மயக்கிவிட்டதாகத்தான் எனக்குப் படுகிறது.

ஆனால் 2015ல் லண்டனில் வந்த ‘ஈவ்னிங் அட் தி டாக் ஹவுஸ்’ நம் பேச்சுக்கு நேராக வந்து விழுகிறது. பழைய நாடகக் குழு ஒன்று பல வருடம் கழித்து ஒரு கிளப்பில் கூடுகிறது. நாடகம் செத்துவிட்டது, எல்லோரும் வேறு பிழைப்பு தேடிக்கொண்டார்கள். சிலர் டிவிக்குப் போனார்கள். இன்னும் சிலர், சிற்றுண்டித் தட்டு கைமாறும்போது போகிறபோக்கில் சொல்கிறார்கள், அரசாங்கம் கொல்லவேண்டிய ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலையைப் பகுதிநேரமாகச் செய்கிறார்கள். ஒன்றும் பெரிய விஷயமில்லை, கைச்செலவுக்கு உதவுகிறது. இதில் ஷான் அடி வாங்கி முகம் வீங்கிய ஒரு பழைய நடிகராக வருவார். கலைஞன் வாடகைக்காக இன்னொரு வேலை பார்ப்பது என்ற தன் சொந்தக் கதையையே எடுத்து, அதன் பயங்கரமான எல்லைவரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்.

அப்பாவின் தொழில் ஆசையும் விட்டதில்லை. 2004ல் ‘ஃபைனல் எடிஷன்’ என்ற அரசியல் பத்திரிகை ஒன்றை நடத்தினார். நோம் சாம்ஸ்கியின் பேட்டி அதில் உண்டு. பெயருக்கேற்ப ஒரே இதழோடு நிறுத்திவிட்டார். கட்டுரைகள் ‘எஸ்ஸேஸ்’ (2009), ‘நைட் தாட்ஸ்’ (2017) என்று புத்தகமாகியிருக்கின்றன.

படிக்கவோ பார்க்கவோ தோன்றினால் வரிசை சொல்கிறேன். முதலில் ‘மை டின்னர் வித் ஆந்த்ரே’. செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள், முதல் இருபது நிமிடம் பொறுத்துக்கொண்டால் போதும். அடுத்து ‘தி ஃபீவர்’, ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய சின்னப் புத்தகம். முடிந்தால் வீட்டில் ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள், அது அப்படிக் கேட்பதற்காகவே எழுதப்பட்டது. ‘ஆன்ட் டான் அண்ட் லெமன்’ கடைசியாக இருக்கட்டும். அதை மட்டும் படுக்கப்போகும் நேரத்தில் எடுக்காதீர்கள்.